கல்லும் கள்ளியும்: ஊர் வரலாறு, வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில், நாகப்பட்டினத்துக்கு மேற்கே கீழ்வேளூர்ப் பக்கம் இருக்கும் ஆனைமங்கலம் என்ற சிற்றூர் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. அதைப் படித்துவிட்டு, "எங்கள் ஊரும் சோழர் காலத்ததுதான், எப்படி உறுதி செய்வது?" என்ற வகையில் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கே: வரைபடத்தில் தேடிப் பிடிக்க வேண்டிய ஊர் ஆனைமங்கலம். அதன் பெயரில் ஒரு செப்பேடு எப்படி வந்தது? அந்த ஊர் தோன்றியதே அப்போதுதானா? (கீழ்வேளூர் வாசகர்)

ப: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இல்லை. செப்பேட்டில் ஓர் ஊர் முதன்முதலாக வருவது அதன் பிறந்தநாள் அல்ல. எல்லை, வாய்க்கால், விளைச்சல் எல்லாம் கணக்கில் ஏறி நன்றாக நடந்துகொண்டிருந்த ஊரைத்தான் அரசன் தானமாகத் தர முடியும்.

கதை இதுதான். கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசரான சூளாமணிவர்மர் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்பத் தொடங்கினார். அவர் மகன் மாறவிஜயோத்துங்கவர்மர் அதை முடித்தார். அந்தச் சூளாமணி விகாரத்தின் செலவுக்காக முதலாம் இராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1005–06இல், க்ஷத்ரியசிகாமணி வளநாட்டுப் பட்டனக் கூற்றத்து ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக விட்டான். பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடும் நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர். ஆவணம் 21 ஏடுகள் கொண்டது. 5 ஏடுகள் வடமொழி, 16 ஏடுகள் தமிழ். வளையத்தில் இராஜராஜனின் மகன் இராஜேந்திரனின் முத்திரை இருக்கிறது. தந்தை வாய்மொழியாகத் தந்ததை மகன் நிலையான சாசனமாக்கினான் என்று வடமொழிப் பகுதியே சொல்கிறது. பிற்காலத்தில் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் உலகம் இதை லெய்டன் செப்பேடு என்கிறது. நாம் ஆனைமங்கலம் செப்பேடு என்பதே பொருத்தம்.

இதோடு 3 ஏடுகள் கொண்ட இன்னொரு சிறிய செப்பேடும் உண்டு. அது முதலாம் குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கடாரத்துத் தூதர் இருவர் வேண்டிக்கொண்டபடி விகாரத்து ஊர்களின் வரிச்சலுகையை அது உறுதி செய்கிறது. இராஜராஜன் விட்ட பள்ளிச்சந்தம் சுமார் 85 ஆண்டுகளுக்குப் பிறகும் விகாரத்தின் கையில்தான் இருந்தது என்று இதிலிருந்து தெரிகிறது. விகாரத்தோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட, நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற புதுவெளிக் கோபுரம் என்ற செங்கல் கட்டடம் 1867இல் இடிக்கப்பட்டுவிட்டது. விகாரத்தின் கட்டடம் போயிற்று, அதற்குச் சோறு போட்ட ஊர் இன்றும் பயிர் செய்துகொண்டிருக்கிறது.

கே: தானத்தின்போது யானையை நடத்தி எல்லை வகுத்தார்களாம். அதனால்தான் "ஆனை"மங்கலமா? (திருவாரூர் வாசகர்)

ப: கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இல்லை. யானை நடப்பதற்கு முன்பே, அரசன் சொன்ன ஆணையிலேயே ஊரின் பெயர் ஆனைமங்கலம்தான். காரணப்பெயர்க் கதை எதைக் கேட்டாலும் இந்த ஒரு சோதனை போதும்: கதையில் வரும் நிகழ்ச்சிக்கு முந்தைய ஆவணத்திலேயே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பாதிக் கதைகள் அங்கேயே விழுந்துவிடும்.

கே: செப்பேடுகளில் வரும் "பிடி சூழ்ந்து, பிடாகை நடந்து, கல்லும் கள்ளியும் நாட்டி" என்றால் நடைமுறையில் என்ன செய்தார்கள்? எங்கள் ஊரில் அந்தப் பழைய எல்லையை இப்போது கண்டுபிடிக்க முடியுமா? (பாபநாசம் வாசகர்)

ப: கண்டுபிடிக்கலாம். இந்தத் தொடரை அலங்காரமாகப் படிக்காமல் வேலைக் குறிப்பாகப் படிக்க வேண்டும்.

அரசன் வாயால் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுபவர் எழுதுவார். ஓலைநாயகம் என்ற மேலதிகாரி ஒப்பம் வைப்பார். வரித் திணைக்களத்தார் கணக்கில் ஏற்றுவார்கள், அதற்கு "வரியிலிடுதல்" என்று பெயர். பிறகு நாட்டாருக்கு, அதாவது அந்த நாட்டுப் பிரிவின் தலைவர்களுக்கு, திருமுகம் என்ற அரச ஆணை போகும். அவர்கள் அதை எதிர்கொண்டு தொழுது வாங்கித் தலைமேல் வைத்துக்கொண்டு களத்தில் இறங்குவார்கள். பிடி என்றால் பெண் யானை. அதை எல்லையோரமாக நடத்த, நாட்டார் கூடவே சுற்றி வருவார்கள். அதுதான் பிடி சூழ்தல். பிடாகை என்பது ஊரின் உட்பகுதி, சிற்றூர். அவற்றையும் நடந்து பார்த்துவிட்டு, திரும்பும் முனைகளில் கல் நடுவார்கள், இடையில் கள்ளி வைப்பார்கள். கள்ளி ஏன்? ஆடுமாடு தின்னாது, கோடையில் காயாது, ஒடித்துப் போட்ட துண்டும் வேர்விடும். கல்லை ஒருவன் இரவோடு இரவாகப் பெயர்த்துவிடலாம். பத்தடிக்குப் பத்தடி முளைத்து நிற்கும் கள்ளி வரிசையை அப்படி அழிக்க முடியாது. கடைசியாக அறவோலை (தான ஆவணம்) எழுதி எல்லோரும் கையெழுத்திடுவார்கள்.

எல்லை விவரம் எப்போதும் கிழக்கில் தொடங்கும்: கீழ்பாலெல்லை, தென்பாலெல்லை, மேல்பாலெல்லை, வடபாலெல்லை. வலமாக ஒரு சுற்று. ஒவ்வொரு திசையிலும் "இன்ன ஊர் எல்லைக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு" என்று வரும். "எல்லைக்கு மேற்கு" என்றால் அந்த எல்லை நம் நிலத்துக்குக் கிழக்கே இருக்கிறது என்று பொருள். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஊரையே அடுத்த பக்கம் தூக்கி வைத்துவிடுவதுதான் புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு.

உங்கள் ஊரில் செய்ய வேண்டியது: கிராம வரைபடத்தின் நகல் ஒன்று வாங்குங்கள். கல்வெட்டில் வரும் அண்டை ஊர்ப்பெயர்களில் இன்றும் அதே திசையில் இருப்பவற்றை வட்டமிடுங்கள். மூன்று பெயர் பொருந்தினால் ஊர் அகப்பட்டுவிட்டது. அடுத்து வாய்க்கால்கள். காவிரிப் படுகையில் பெயர் மாறும், தடம் அவ்வளவு எளிதில் மாறாது. நிலத்தின் சரிவு மாறாதவரை நீர் அதே வழியில்தான் ஓடியாக வேண்டும். ஆற்றங்கரை ஊர்களில் மட்டும் எச்சரிக்கை. ஆறு விலகிய இடத்தில் பழைய எல்லை இப்போது தண்ணீருக்கு அக்கரையில் இருக்கலாம்.

கே: செப்பேட்டில் வரும் வேலி, மா, காணி, கலம் எல்லாம் இன்றைய கணக்கில் எவ்வளவு? (சீர்காழி வாசகர்)

ப: நில அளவு: 1 வேலி = 20 மா. 1 மா = 4 காணி, ஆகவே காணி என்பது வேலியில் 80இல் ஒரு பங்கு. அரைக்காணி 160இல் ஒன்று, முந்திரிகை 320இல் ஒன்று. அதற்குக் கீழே "கீழ்" என்று போட்டு முந்திரிகையையே மறுபடி 320ஆகப் பிரிப்பார்கள். இவ்வளவு நுணுக்கமாக யார் அளந்தார்கள் என்று வியக்க வேண்டாம். பல துண்டு நிலங்களைக் கூட்டிக் கழித்துப் பெருக்கியதில் விழுந்த பின்னம்தான் அது. அந்த அளவுக்குக் கயிறு பிடித்து எவரும் அளக்கவில்லை.

நெல் அளவு: 1 கலம் = 3 தூணி. 1 தூணி = 2 பதக்கு = 4 குறுணி. 1 குறுணி = 8 நாழி. ஆக ஒரு கலத்துக்கு 12 குறுணி, 96 நாழி.

ஆனைமங்கலத்தின் நிலம் 97 வேலிக்குச் சற்று மேல். அதன் காணிக்கடன், அதாவது நிலத்துக்கான நெல் வரி, 8,943 கலத்துக்குச் சற்று மேல். வகுத்துப் பாருங்கள், வேலிக்குச் சுமார் 92 கலம் வருகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வேலிக்கு 100 கலத்தை ஒட்டி வருவதோடு இது ஒத்துப்போகிறது. உங்கள் ஊர்க் கல்வெட்டில் வகுத்தால் 10 கலமோ 500 கலமோ வந்தால் முதலில் உங்கள் வாசிப்பைச் சந்தேகப்படுங்கள்.

ஏக்கருக்கு மாற்றுவதில்தான் வழுக்கும். தஞ்சைப் பக்கம் இன்று ஒரு குழி 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, 33 சென்ட். 20 மா சேர்ந்த வேலி சுமார் 6.6 ஏக்கர். 16 சாண் (12 அடி) கோலும் 100 குழி மாவும் என்று கொண்டால் ஆனைமங்கலம் ஏறத்தாழ 640 ஏக்கர் ஆகும். ஆனால் எல்லா ஊரிலும் அதே கோல் இல்லை. 12 சாண், 18 சாண் கோல்களும் இருந்தன. சில கல்வெட்டுகள் 256 குழியை ஒரு மா என்கின்றன. அதனால் "இத்தனை சாண் கோலால்", "இத்தனை குழி கொண்டது ஒரு மா" என்ற வரியைத் தேடிப் பிடித்த பிறகே கணக்குப் போடுங்கள். அந்த வரி இல்லையென்றால் வேலியிலேயே எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வது நல்லது.

கே: எங்கள் ஊர்ப்பெயர் "மங்கலம்" என்று முடிகிறது. அப்படியானால் பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாக விட்ட ஊர்தானே? (மன்னார்குடி வாசகர்)

ப: முடிவு கட்டிவிடாதீர்கள். "சதுர்வேதிமங்கலம்" என்று முழுதாகக் கல்வெட்டில் இருந்தால் சரி. உங்கள் மன்னார்குடியே இராஜாதிராஜச் சதுர்வேதிமங்கலம். வெறும் மங்கலத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனைமங்கலமும் மங்கலம்தான், போனது பௌத்தப் பள்ளிக்கு.

இன்னொன்று. விண்ணகரம், ஈச்சரம், சதுர்வேதிமங்கலம் போன்ற நீண்ட அரசுப் பெயர்கள் ஆவணத்தில் வாழ்ந்தன, மக்கள் வாயில் பெரும்பாலும் நிற்கவில்லை. இராஜராஜபுரம் இன்று தாதாபுரம். திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் திருபுவனியாகச் சுருங்கிவிட்டது. எண்ணாயிரத்தின் இராஜராஜச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயர் உள்ளூரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கே: ஊரில் யார் எங்கே குடியிருந்தார்கள் என்று கல்வெட்டு சொல்லுமா? (அரியலூர் வாசகர்)

ப: வரி போடாத நிலத்தைப் பட்டியலிடும் இடத்தில் சொல்லும். பலர் தாண்டிப் போய்விடும் பகுதி அது. ஊர் வரலாறு எழுதுபவருக்கோ அதுதான் பொக்கிஷம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு விட்ட ஒவ்வோர் ஊரிலும் மொத்த அளவிலிருந்து "நீங்கல்" கழிப்பார்கள்: ஊர்நத்தம், ஸ்ரீகோயில், குளம், ஊடறுத்துப் போன வாய்க்கால், கம்மாணசேரி (கம்மாளர் குடியிருப்பு), ஈழச்சேரி (கள் இறக்குவோர் குடியிருப்பு), பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்ற சொல்லே வருகிறது. ஆக, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஊரின் குடியிருப்புப் படம் நமக்கு வரிவிலக்குக் கணக்காகக் கிடைத்திருக்கிறது.

ஊர் மலர் அச்சிடும் குழுக்கள் அக்கிரகாரத்தையும் கோயிலையும் மட்டும் எழுதிவிட்டுச் சேரியை விட்டுவிடுகிறார்கள். கல்வெட்டே விடவில்லை, நாம் விடுவதற்கு நியாயம் இல்லை.

செப்பேடுகளில் தானம் பெற்ற ஊருக்குத் தரும் உரிமைகளையும் இதே கண்ணோடு படியுங்கள். சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கலாம், துரவு கிணறு இறக்கலாம், தெங்கு வைக்கலாம், மருவும் தமனகமும் செங்கழுநீரும் நடலாம், பெருஞ்செக்கு இடலாம் என்று வரும். இவற்றுக்கெல்லாம் மற்ற ஊர்களில் தடையோ வரியோ இருந்தது என்பதுதான் இதற்குள் இருக்கும் செய்தி. அடுத்த வரியில் அந்நியர் குற்றேத்தம் போடக் கூடாது, கூடைநீர் இறைக்கக் கூடாது என்றும் இருக்கும். மேலே இருப்பவன் சின்ன ஏற்றம் வைத்து வாய்க்காலில் இறைத்துக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. இன்று டீசல் எஞ்சின் வைத்து இறைப்பதைப் பற்றி நடக்கும் பஞ்சாயத்தும் இதேதான்.

கே: கல்வெட்டில் "௨௰௧ ஆவது" என்று ஆண்டு இருக்கிறது. இதைக் கி.பி.க்கு எப்படி மாற்றுவது? (செய்யாறு வாசகர்)

ப: ௨ என்றால் 2, ௰ என்றால் 10, ௧ என்றால் 1. இடமதிப்பு கிடையாது. இரு பத்து, ஒன்று. ஆக 21. இதை 2101 என்று படித்துச் சுவரொட்டி அடித்தவர்களும் உண்டு.

இது அரசனின் ஆட்சியாண்டு. அரசன் யார் என்று தெரியாமல் எண்ணால் பயனில்லை. மெய்க்கீர்த்தி, அதாவது தொடக்கத்தில் அரசன் புகழ் பாடும் பகுதி, இருந்தால் கவலை இல்லை. "திருமகள் போல" என்று தொடங்கினால் முதலாம் இராஜராஜன். "திருமன்னி வளர" என்றால் முதலாம் இராஜேந்திரன். "புகழ்மாது விளங்க", "புகழ்சூழ்ந்த புணரி" என்றால் முதலாம் குலோத்துங்கன். "மதுரை கொண்ட கோப்பரகேசரி" முதலாம் பராந்தகன். இராஜராஜன் பட்டமேறியது 985. 985உடன் 20ஐக் கூட்டினால் 1005, ஆண்டு அடுத்த ஆண்டிலும் பாதி நீளும் என்பதால் 1005–06. 21ஐக் கூட்டக் கூடாது, பட்டமேறிய ஆண்டே முதலாம் ஆண்டு.

தொல்லை தருவது மெய்க்கீர்த்தி இல்லாமல் வெறும் "கோப்பரகேசரிவர்மர்க்கு யாண்டு" என்று வருவது. சோழர் இராஜகேசரி, பரகேசரி என்று மாறிமாறிப் பட்டம் வைத்துக்கொண்டார்கள், ஒரே பட்டம் பலருக்கு உண்டு. அங்கே எழுத்தமைதி (எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் கணிப்பது) பார்க்கத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். பாண்டியர் கல்வெட்டில் "நாலாவதின் எதிர் ஒன்பதாவது" என்பதுபோல் வந்தால் இரண்டையும் கூட்டி 13 என்று கொள்ளுங்கள்.

வாசிக்கும்போது கவனிக்க: பெரும்பாலும் புள்ளி இருக்காது, குறில் எகர ஒகரத்துக்கும் நெடிலுக்கும் வேறுபாடு இருக்காது, துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். "கர"வா "கா"வா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

கே: எங்கள் சிவன் கோயில் சுவரில் நிறைய எழுத்து. ஆனால் எங்கள் ஊர்ப்பெயரே இல்லை, வேறு ஊர்தான் வருகிறது. (குளித்தலை வாசகர்)

ப: மூன்று சாத்தியம். ஒன்று, அது உங்கள் ஊரின் பழைய பெயராகவே இருக்கலாம். இரண்டு, தானம் தந்தவரின் ஊராகவோ தந்த நிலம் இருந்த ஊராகவோ இருக்கலாம். கோயில் இருக்கும் ஊரைப் பெரும்பாலும் இறைவன் பெயருக்கு முன்னால் தேடுங்கள்: "இன்ன நாட்டு, இன்ன ஊர், மகாதேவர்க்கு". மூன்று, கல்லே வேறு கோயிலிலிருந்து வந்திருக்கலாம். இதைக் கண்ணாலேயே சோதிக்கலாம். ஜகதி, முப்பட்டைக் குமுதம், பட்டிகை என்று அடித்தளத்தில் எழுத்து வரிசையாக ஓட வேண்டும். ஒரு கல்லில் முடியும் சொல் அடுத்த கல்லில் தொடராமல் அறுந்தாலோ, எழுத்து தலைகீழாக நின்றாலோ, திருப்பணியில் கற்களை மாற்றி அடுக்கிவிட்டார்கள்.

எழுத்து பிந்தியதாக, செய்தி முந்தியதாக இருந்தாலும் போலி என்று தள்ளாதீர்கள். செங்கல் கோயிலைக் கற்றளியாக்கும்போது பழைய கல்வெட்டுகளைப் பார்த்துப் புதுச் சுவரில் வெட்டி வைப்பார்கள். திருக்கோடிக்காவலில் "இதுவும் ஒரு பழங்கற்படி" என்று நேர்மையாக எழுதியே வைத்திருக்கிறார்கள்.

கே: கல்வெட்டின்மேல் தாள் ஒட்டி மை ஒற்றி நாங்களே மைப்படி எடுக்கலாமா? (மூன்று வாசகர்கள்)

ப: மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள கோயில் என்றால் அவர்கள் அனுமதி, மாநிலத் துறையினது என்றால் அவர்களுடையது, அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலர். எழுத்தில் வாங்குங்கள்.

முறை: கல்லைத் தண்ணீரும் தென்னைநார்த் தூரிகையும் கொண்டு கழுவுங்கள், கம்பித் தூரிகை வேண்டாம். ஈரத்தில் கிழியாத தாளை நனைத்துக் கல்லில் ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை வெளியேற்றுங்கள். அடர்ந்த மயிர்த் தூரிகையால் செங்குத்தாகத் தட்டத் தட்டத் தாள் எழுத்துக் குழிக்குள் இறங்கும். பிறகு காத்திருக்க வேண்டும், பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். தாள் முக்கால்வாசி காய்ந்ததும், விளக்குக்கரியைப் பிசின் நீரில் குழைத்த மையைத் துணிப்பந்தில் தொட்டு, முதலில் ஒரு பலகையில் தட்டி மிகுதியை எடுத்துவிட்டு, தாளின்மேல் மெல்ல ஒற்றுங்கள். மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். ஈரம் மிஞ்சியிருந்தால் மை குழிக்குள் இறங்கி எழுத்து மூடிவிடும், தாளை ஊடுருவினால் கல்லும் கறைபடும். அதிகம் காய்ந்துவிட்டால் ஒரு காற்றில் தாள் உரிந்து விழும். வெயிலில், காற்றுள்ள நேரத்தில் தொடங்காதீர்கள்.

பழக்கம் இல்லாதவர்களுக்கு நாங்கள் சொல்வது: மைப்படி வேண்டாம், படம் எடுங்கள். இருட்டியபின் டார்ச்சைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து எழுத்து எழும். பக்கவாட்டு ஒளியில் நெடுங்கோடுகள் தெளியும், மேலிருந்து வரும் ஒளியில் குறுக்குக்கோடுகள் தெளியும். ஆகவே இரண்டும் எடுங்கள். பகலில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி விட்டாலும் இதே பலன். ஒவ்வொரு படமும் முந்தையதன் மூன்றில் ஒரு பங்கையாவது மறுபடி காட்ட வேண்டும், ஓரத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். எழுத்துக்குள் சாக்கட்டி தீட்டாதீர்கள். நீங்கள் தீட்டியது உங்கள் ஊகம், அடுத்தவர் படிப்பதும் அந்த ஊகத்தைத்தான். குடமுழுக்கு நெருங்கும்போது மணல்வீச்சு எந்திரம் உள்ளே வருகிறதா என்று பாருங்கள். ஆயிரம் ஆண்டு நின்ற எழுத்து ஒரு மதியத்தில் வழவழப்பாகிவிடும்.

படம் எடுப்பதற்கு முன் ஒரு வேலை: மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் இருக்கின்றன. உங்கள் ஊர் அதில் ஏற்கெனவே இருக்கலாம். அன்று முழுதாகப் படித்த கல் இன்று பாதி சிதைந்திருக்கலாம்.

கே: எங்கள் ஊரில் கல்வெட்டே இல்லை. ஆனால் பழைய ஊர் என்று நம்புகிறோம். (வலங்கைமான் வாசகர்)

ப: முதலில் அக்கம்பக்கத்து ஊர்க் கல்வெட்டுகளின் எல்லை வரிகளில் உங்கள் ஊரைத் தேடுங்கள். ஆனைமங்கலத்தின் பழமை தெரிவதும் நாகப்பட்டினத்து விகாரத்துக்கு எழுதிய ஆவணத்தால்தானே. அடுத்து, ஆங்கிலேய அரசு மானிய நிலங்களை விசாரிக்க 1858இல் தொடங்கிய இனாம் கமிஷனின் பதிவேடுகள். கோயில் மானியம், தச்சன் மானியம், வெட்டியான் மானியம் என்று யாருக்கு எந்த நிலம், எந்தக் காரணத்துக்கு என்று எழுதியிருப்பார்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் விசாரியுங்கள். கம்பெனிக் கால நில அளவையாளர் மெக்கன்சி திரட்டிய, ஊர் வரலாறு சொல்லும் கைஃபியத்துச் சுவடிகள் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளன. அவற்றில் புராணமும் நடப்பும் கலந்தே வரும், பிரித்துப் படியுங்கள்.

பிறகு வயலுக்குப் போங்கள். ஊர்ப்பெரியவரைவிட, வாய்க்காலில் மடை திறந்து நீர் பாய்ச்சும் ஆளைப் பிடியுங்கள். புல எண் அவருக்குத் தேவைப்படாது, ஒவ்வொரு வயலையும் பெயர் சொல்லியே கூப்பிடுவார். பள்ளிவயல், நந்தவனக்கட்டளை, செக்கடித்திடல், செட்டிமேடு என்று அவர் சொல்லச் சொல்லப் புல வரைபடத்தில் அந்தந்த எண்ணின்மேல் எழுதிக்கொள்ளுங்கள். அவர் எப்படி உச்சரித்தாரோ அப்படியே எழுதுங்கள். "பள்ளிச்சந்தம்" பேச்சில் "பளிச்சந்தை" என்று திரிந்து நின்றால், அதைச் சந்தை என்று திருத்தி எழுதிய கையால் ஒரு விகாரத்தையோ சமணப் பள்ளியையோ துடைத்துவிடுவோம். மேடுகளில் கறுப்பு–சிவப்பு ஓடு, பெரிய அளவுச் செங்கல், உறைகிணற்று வளையம் கண்டால் எடுக்க வேண்டாம், தோண்டவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, புல எண்ணைக் குறித்து, மாநிலத் தொல்லியல் துறையின் மாவட்ட அலுவலருக்கு எழுதுங்கள்.